ஏற்க மறுத்த இருக்கை

சட்டம் பயில விரும்புவதாக நம் மகள் சொன்னபோது, "ஆசிரியப் பயிற்சிக்குப் போகலாமே, பெண்ணுக்கு அதுதானம்மா பாந்தம்" என்று விடை கூறினோம். அன்பினால் சொன்னதாகவே எண்ணியிருந்தோம். அமெரிக்க நீதிபதி ஃபுளோரன்ஸ் ஆலன் அம்மையாரின் வரலாற்றைப் படித்தபோது அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது.

1884இல் பிறந்த அம்மையார் ஜெர்மனியில் இசை பயின்றவர். கை நரம்பு பழுதுற்றமையால் இசைத்துறையைத் துறந்து சட்டத்தின்பால் திரும்பினார். பெண் என்பதற்காக வாக்குரிமை மறுக்கலாகாது என்னும் திருத்தம் 1920 ஆகஸ்டில் அந்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. நவம்பரில் ஒஹையோ மாநில மக்கள் கிளீவ்லாந்து நீதிமன்றத்திற்கு அவரை நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தனர்.

மணவிலக்கு வழக்குகளை ஒருங்கே அவரிடம் ஒப்படைத்துவிட உடனிருந்த நீதிபதிகள் கருதினர். பெண்ணுக்கு அதுவே பொருத்தம் என்பது அவர்தம் நினைப்பு. மணமாகாத தம்மைவிட, இல்லறம் கண்ட அவர்களே அதற்குத் தகுதியுடையோர் எனக் கூறி அம்மையார் மறுத்துவிட்டார்.

அம்மறுப்பின் பயனை மறு ஆண்டே காண்கிறோம். அந்நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்த வில்லியம் மக்கானன் என்பாரே பொய்ச்சாட்சியக் குற்றத்திற்காகக் கூண்டில் நின்றார். அவ்வழக்கை நடத்திச் சிறைத்தண்டனை விதித்தவர் ஆலன் அம்மையார். சக நீதிபதியாயிற்றே என்று தராசு சாயவில்லை.

1922இல் ஒஹையோ உச்ச நீதிமன்றத்திற்குத் தேர்வானார். அமெரிக்க மாநிலம் எதிலும் அதற்குமுன் பெண்ணொருவர் அவ்விடத்தை எய்தியதில்லை. 1934இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரைக் கூட்டாட்சியின் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்த்தினார். அத்தகைய நீதிமன்றத்தில் அமர்ந்த முதற்பெண்மணி அவரே. டென்னசி ஆற்றில் அரசு அணைகட்டி மின்சாரம் விற்பதை எதிர்த்துத் தனியார் மின்நிறுவனங்கள் வழக்காடியபோது, மூவர் அமர்வுக்குத் தலைமை தாங்கி 1938இல் அரசின் திட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தார். 1958இல் தம் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். 1966இல் மறைந்தார்.

குடும்ப வழக்குகள் தாழ்ந்தவை அல்ல. ஆசிரியப் பணியும் தாழ்ந்ததன்று. அப்பணியிலேதான் நம் தலை நரைத்தது. எனினும், விரும்பி ஏற்பது வேறு. பெண் என்ற ஒரே காரணத்தால் ஒருத்திக்கு அதனை ஒதுக்கித் தருவது வேறு. மரியாதையான சொற்களால் அடைக்கப்படும் கதவும் அடைபட்ட கதவுதானே! அன்று நாமும் அந்நீதிபதிகளுள் ஒருவராயிருந்தோம்.

மகள் விண்ணப்பத்தாளை எடுத்து வந்தாள். "எங்கேயம்மா கையொப்பமிட வேண்டும்?" என்று கேட்டோம்.