ஒரு வருடத் தவணையில் ஒரு வெட்டு

கிறிஸ்துமஸ் விருந்து நடந்துகொண்டிருக்கிறது. ஆர்தர் மன்னரின் சபைக்குள் குதிரையோடு நுழைகிறான் ஒரு பச்சை மனிதன். மரப்பட்டை போன்ற தோல், கையில் கோடாரி. அவன் வைக்கும் பந்தயம் எளிமையானது. யார் வேண்டுமானாலும் அவனை ஒருமுறை வெட்டலாம். ஆனால், அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவன் இருப்பிடத்துக்கே வந்து அதே வெட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். மன்னரின் சகோதரி மகன் கவேன் முந்திக்கொண்டு எழுந்து, ஒரே வீச்சில் தலையைச் சாய்க்கிறான். கதை முடிந்தது என்று பார்த்தால், முண்டம் எழுந்து தன் தலையைக் கையில் எடுத்துக்கொண்டு, சிரித்தபடியே குதிரையேறிப் போய்விடுகிறது!

2021-ல் வெளியான 'தி கிரீன் நைட்' இப்படித்தான் சூடுபிடிக்கிறது. 14-ம் நூற்றாண்டில், பெயர் தெரியாத ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய காவியம்தான் மூலம். டேவிட் லோவரி இயக்கம். கவேனாக நம் 'ஸ்லம்டாக் மில்லியனர்' தேவ் படேல், அவன் அம்மாவாக சரிதா சௌத்ரி.

இவ்வளவு பரபரப்பாக ஆரம்பித்த படம் அதன்பிறகு நடைபோடுகிறது. வாள் சண்டைக்காக உட்கார்ந்தவர்கள் அரை மணி நேரத்தில் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்கள். பாவம், அவர்கள் தவறவிடுவது அந்தக் காட்டுக் காட்சியை.

வழிப்பறிக்காரர்கள் கவேனைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகிறார்கள். கேமரா அவனை விட்டு விலகி, மரங்களினூடே மெதுவாக ஒரு முழு வட்டம் சுற்றுகிறது. திரும்பி வரும்போது அங்கே கிடப்பது எலும்புக்கூடு. வசனமில்லை, விளக்கமில்லை. மறுபடியும் அதே நிதானத்தில் ஒரு சுற்று. இப்போது கவேன் உயிரோடுதான் இருக்கிறான். கத்தியை நோக்கிப் பதறியடித்து ஊர்கிறான். இதை வேகமாகக் காட்டியிருந்தால் வெறும் ஜாலம். மெதுவாகக் காட்டியதால், சாகும் தேதி தெரிந்த ஒருவனின் நேரம் எப்படி நகரும் என்பது நமக்கும் உறைக்கிறது.

காவியத்தில் கவேன் ஊர் மெச்சும் வீரன். படத்திலோ இன்னும் வீரப்பட்டம்கூட வாங்காத, குடித்துவிட்டுத் திரியும் பையன். பெயர் வாங்கும் ஆசையில் வாளைத் தூக்கியவன். அவனது மஞ்சள் மேலங்கி மட்டும் சாம்பல் நிறப் பனியில் தனியாகத் தெரிய, தூரத்தில் பூதாகாரமான மனிதர்கள் நடந்து போகிறார்கள். அயர்லாந்தில் எடுத்த காட்சிகள். இடையில் பச்சை நிறத்தைப் பற்றி ஒரு சீமாட்டி (அலீசியா விகாண்டர்) நிறுத்தி நிதானமாகப் பேசுகிறாள். செழிப்பும் பச்சை, அழுகலும் பச்சை, கடைசியில் கல்லறைமேல் படர்வதும் பச்சைதானாம்!

கவேன் கழுத்தை நீட்டும் இடத்திலிருந்து பல நிமிடங்களுக்குக் கிட்டத்தட்ட பேச்சே இல்லை. அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்வது நியாயமில்லை.

குழந்தைகளை உட்காரவைத்துப் பார்க்கும் படமல்ல இது. மொபைலில் பார்ப்பவர்கள் அறை விளக்கை அணைத்துவிடுங்கள், படத்தில் பாதி இருட்டுதான். பெயர்கள் ஓடி முடியும் வரை மூடிவிட வேண்டாம். ஒரு சிறுமி வருவாள்.