அடுப்படி அரசியல்

மலேசியாவின் கெடா மாநிலத்துத் தென்கோடி பண்டார் பாரு. கிரியான் ஆற்றைத் தாண்டினால் பேராக். மேற்கே போனால் பினாங்கு மாநிலத்தின் நிபோங் திபால். இங்குள்ள தமிழர் சாப்பாட்டுக் கடைகளில் நான் கண்ட சமையலும் பல கைகளுடையது. மீன் கறியின் புளியும் வெண்டைக்காயும் நம்முடையவை, சம்பலுக்கு மணம் தரும் பெலாச்சான் மலாய்க்காரர்களுடையது, மீ கோரெங்கின் மீ சீனர் தந்தது. நியூ ஆர்லியன்ஸின் கிரியோல் சமையலிலும் ஆப்பிரிக்க, பிரெஞ்சு, ஸ்பானியக் கைகள் கலந்தன. அங்கே கம்போ குழம்பிலும் வெண்டைக்காய் உண்டு. அடிமை முறையும் தோட்டக் கூலி முறையும் ஒன்றல்ல. ஆனால் இரண்டு சமையலும் பெருந்தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டவர்களின் கைப்பக்குவத்தைச் சுமக்கின்றன. அதனால் இத்தகைய கடையில் யார் உட்காரலாம் என்பது எப்போதுமே அரசியல் கேள்வி.

நியூ ஆர்லியன்ஸில் 1941இல் தொடங்கிய டூக்கி சேஸ் உணவகம் இதற்கு நல்ல சாட்சி. வெள்ளையரும் கறுப்பரும் ஒரே மேசையில் உண்பது சட்டவிரோதமாக இருந்த காலத்தில், அதை நடத்திய லியா சேஸ் தன் கடையின் மாடி அறையில் இரு தரப்புக் குடிமை உரிமைப் போராளிகளுக்கும் கம்போ பரிமாறினார். போராட்டத் திட்டங்கள் அங்கே பேசப்பட்டன. சென்னையில் 1957இல் பெரியார் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் பெயர்ப்பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எதிர்த்து மறியல் நடத்தினார்; தொண்டர்கள் நாள்தோறும் கைதானார்கள். ஒரு கடை ஆட்களைச் சேர்த்தது, இன்னொன்று பிரித்தது. இரண்டுமே போராட்டக் களமாயின.

கெடாவில் அந்தக் களம் கள்ளுக்கடை. தோட்டக் கூலி கையில் வந்த வேகத்தில் அங்கேதான் கரைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஏ.எம்.சாமியின் தலைமையில் பீடோங் வட்டாரத் தோட்ட இளைஞர்கள் தொண்டர் படை அமைத்து அதை எதிர்த்தார்கள். 1947 மார்ச்சில் டப்ளின் தோட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி இறந்தார். மதுவிலக்கு ஒழுக்கப் பிரசாரம் மட்டும் என்றால் துப்பாக்கி எதற்கு? தொழிலாளி எங்கே கூடுகிறான், காசை யாரிடம் விடுகிறான் என்பதை நிர்வாகம் தன் கையிலேயே வைத்திருக்க விரும்பியது என்றே நான் வாசிக்கிறேன். பின்னாளில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் காலியாயின. கூடிப் பேச மிச்சமிருந்த இடங்களில் ஒன்று சாப்பாட்டுக் கடை.

கடை என்பது வியாபாரம்தானே, அதற்கு ஏன் இத்தனை பெருமை என்று கேட்கலாம். லாபம் பார்த்தால்தான் அடுப்பு எரியும். டூக்கி சேஸும் தர்ம சத்திரம் அல்ல. 2021 ஊரடங்கில் பசித்த வீடுகள் வெள்ளைக் கொடி கட்டியபோது மலேசியா முழுவதும் பல கடைகள் இலவசமாகச் சாப்பாடு கொடுத்தன. அது தர்மமே தவிர அரசியல் அல்ல என்பாரும் உண்டு. கொடி கட்டியவரின் இனமோ சாதியோ கேட்காமல் கொடுத்ததை நான் அப்படித் தள்ளிவிட மாட்டேன்.

எனக்குக் கடினமாகத் தோன்றும் ஆட்சேபம் வேறு: மேசையில் சமத்துவம், அடுப்படியில்? ரொட்டி சானாய் மாவை வீசுபவரும் மசாலா வதக்குபவரும் பல கடைகளில் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள். 2023 முதல் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்கிறது. விடியற்காலை ரொட்டிக்கும் நள்ளிரவு மீ கோரெங்குக்கும் ஒரே ஆள் நின்றால் அந்தக் கணக்கு இரண்டு ஆளுக்குரியது. பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருப்பதால், பிடிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவதும் அவருக்கு எளிதல்ல. லயத்து ஆளுக்கும் தோட்டத்தை விட்டால் போக்கிடம் இல்லாமல்தான் இருந்தது.