எட்டும் எண்பதும்

பொதட்டூர்பேட்டையைத் தாண்டும்போதே பஸ்ஸுக்குள் தறிச் சத்தம் வந்துவிடுகிறது. பள்ளிப்பட்டில் நான் தேடிப்போன வீட்டிலும் முன்கட்டில் மாமனாரின் விசைத்தறி ஓடிக்கொண்டிருந்தது. பின் அறையில் மருமகள் கதவைச் சாத்திக்கொண்டு, காதை முழுக்க மூடும் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். ஆறு வருடம் வார்டில் நின்ற நர்ஸ். இப்போது செய்வது மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதை நோயாளியின் பதிவேடாக எழுதித் தருகிற வேலை.

"தறிச் சத்தம் பழகிடுச்சுக்கா. நின்னாத்தான் பகீர்னு இருக்கும். கரண்ட் போச்சுன்னு அர்த்தம்" என்றார். ஃபைல் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், கரண்ட் காரணமெல்லாம் அங்கே செல்லாது.

நர்ஸ் வேலையை விட்டது கைக்குழந்தையாலும், நைட் டூட்டியாலும், ராத்திரியில் கிடைக்காத பஸ்ஸாலும். சம்பளமும் கட்டுப்படியாகவில்லை. 50 படுக்கைக்குக் குறைந்த தனியார் மருத்துவமனையிலும் நர்சுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று, உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த குழு 2016-இல் பரிந்துரைத்தது. இவர் கையில் வாங்கியது அதில் பாதி.

ஓடிக்கொண்டிருந்த ஃபைலை அவர் எனக்குக் கேட்கத் தரவில்லை. நோயாளியின் விவரத்தை வெளியே விடுவது அமெரிக்காவின் 1996-ஆம் வருட ஹிப்பா சட்டப்படி குற்றம். பயிற்சிக்கென்று வைத்திருந்த ஓர் ஒலிப்பதிவைத்தான் போட்டுக் காட்டினார். காலடியில் பெடல். மிதித்தால் குரல் ஓடுகிறது, காலை எடுத்தால் நிற்கிறது, மறுபடி மிதித்தால் ஓரிரு நொடி பின்னாலிருந்து தொடங்குகிறது. டாக்டர் மென்று விழுங்கிப் பேசுகிறார். எனக்கு நாலில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவர் விரல்கள் நிற்கவே இல்லை. 'இலியம்' என்று வந்த இடத்தில் மட்டும் நிறுத்தினார். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் அதே உச்சரிப்பு, இடுப்பெலும்புக்கும் அதே உச்சரிப்பு. எழுதும்போது ஓர் எழுத்து மாறும். "முன்னாடி என்ன ஆபரேஷன் சொன்னார்னு பார்த்தாத்தான் தெரியும்கா."

அடுத்து மெட்டோப்ரோலால் மாத்திரை. ஃபிஃப்டீனா, ஃபிஃப்டியா? எனக்குப் பதினைந்து என்றே கேட்டது. "பதினஞ்சு மில்லிகிராம்ல அந்த மாத்திரையே வர்றதில்ல. இருபத்தஞ்சு, அம்பது, நூறு. மருந்து ட்ராலி தள்ளின கைக்கு இது மறக்குமா?" ஆனாலும் அவர் ஐம்பது என்று அடிக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டு, டாக்டர் சரிபார்க்கும்படி குறிப்பு வைத்தார். பிளாங்க் விடுவது என்று இதற்குப் பெயர். தெரிந்ததை எழுதுவதைவிட, சந்தேகம் வந்த இடத்தில் கையை நிறுத்துவதுதான் இந்தத் தொழிலின் கஷ்டமான பாடம்.

ஏன் என்பதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. 2008-இல் அலபாமா மாநிலத்தில் டிஸ்சார்ஜ் ஆன ஒரு நோயாளிக்கு டாக்டர் சொன்னது லெவிமிர் இன்சுலின் 8 யூனிட். இந்தியாவில் அடித்து அனுப்பிய சுருக்கத்தில் அது 80 ஆனது. அதை நம்பி ஊசி போடப்பட்டது, நோயாளி இறந்துபோனார். 2012-இல் ஜூரி 14 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. இதைச் சொன்னதும் அவர் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டார். "எண்பதுன்னு பார்த்தா எனக்குக் கையே ஓடாதுக்கா" என்றார்.

கூலிக் கணக்கு வேறு மாதிரி. இடைவெளியும் சேர்த்து 65 எழுத்து ஒரு லைன், லைனுக்கு இத்தனை காசு. யோசித்து நிறுத்திய நிமிடத்துக்குக் காசு இல்லை. இப்போது குரலை மென்பொருளே எழுத்தாக்குகிறது; அந்தத் துறையில் முன்னணியில் இருந்த நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 2022-இல் சுமார் 1,970 கோடி டாலருக்கு வாங்கியது. இவருக்கு வருவதில் பெரும்பங்கு, மென்பொருள் எழுதியதைத் திருத்தித் தரும் எடிட்டிங் ஃபைல்தான். அடிக்கிற வேலை குறைந்துவிட்டது என்று லைன் ரேட்டையும் குறைத்துவிட்டார்கள். இது அநியாயம். மெஷின் 80 என்று எழுதினால் எழுத்துப்பிழை இல்லாமல் அழகாகத்தான் எழுதும். அதில் தப்பு இருக்கலாம் என்று தோன்ற, ஊசி போட்டுப் பழகிய ஆள் வேண்டும். வேலை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை.

பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் இவருக்குக் கிடையாது. ஃபைல் வராத வாரம் வருமானமும் இல்லை.

இந்த வேலைக்கு வர நினைக்கும் நர்சுகளுக்கு அவர் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சேர்வதற்கு டெபாசிட் கேட்டால் போகாதீர்கள். புது ஃபைலுக்கு என்ன ரேட், எடிட்டிங்குக்கு என்ன ரேட் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். அவருடைய பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறது.