எட்டு மீட்டர் தள்ளி

சென்னை ஜி.பி. ரோட்டில் வேலையெல்லாம் தெருவிலேயே நடக்கிறது. ஒரு காரின் கதவைப் பிரித்து ஸ்பீக்கர் பொருத்துகிறார்கள். அடுத்த காரின் கண்ணாடியில் பழைய ஃபிலிமை பிளேடால் சுரண்டுகிறார்கள். மூன்றாவதாக நிற்கும் வெள்ளைக் காரின் பானட் திறந்திருக்கிறது. உள்ளே தலையை விட்டிருப்பவரைக் கடைப்பையன் 'பாய்' என்கிறான். காருக்குச் சொந்தக்காரரும் அப்படியே கூப்பிடுகிறார். அவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். சாவி விரலில் சுழன்றுகொண்டே இருக்கிறது.

"ஹைபீம் மட்டும் மாத்துனா போதும் பாய். டிம்மு இருக்கறபடி இருக்கட்டும். ஹைவேல ஒருத்தனும் மதிக்க மாட்றான்."

பாய் தலையை மட்டும் ஆட்டுகிறார். ஹெட்லைட் டூமின் பின்பக்க ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பி கிளிப்பை விரலால் தள்ளி, பழைய பல்பை எடுக்கிறார். எச்1 ஹாலஜன், 55 வாட். உள்ளே ஒரே ஒரு டங்ஸ்டன் சுருள். பையன் அதை வாங்கித் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான்.

புதிய செனான் கிட்டின் பெட்டியில் வெளிச்சத்தின் நிற அளவு 6000கே என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. பாய் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"4300 இருக்கு சார். வெளிச்சம் அதுலதான் ஜாஸ்தி. கம்பெனிலேர்ந்தே செனான் போட்டு வர்ற வண்டில அந்தக் கலர்தான் இருக்கும்."

"அது நீலமா தெரியுமா?"

"தெரியாது. வெள்ளையா இருக்கும், லேசா மஞ்சள் கலந்து."

"அப்ப பாக்கறவனுக்கு செனான்னு எப்படித் தெரியும்?"

பாய் பெட்டியைப் பிரிக்கிறார். பையன் ஆர்வமாகக் கை நீட்ட, "கண்ணாடியத் தொடாதடா!" என்று அதட்டல் விழுகிறது. விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் சூட்டில் தனியாக வெந்து, பல்பு சீக்கிரம் போய்விடும். பையன் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு டார்ச்சைப் பிடிக்கிறான்.

செனான் பல்பில் சுருள் கிடையாது. இரண்டு மின்முனைகள், நடுவே நான்கு மில்லிமீட்டர் சொச்சம் இடைவெளி, சுற்றிலும் செனான் வாயுவும் கொஞ்சம் உலோக உப்பும். அந்த இடைவெளியை மின்சாரம் முதல்முறை தாண்ட 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதைக் கிளப்பித் தருவது, உள்ளங்கையில் அடங்கும் பலாஸ்ட் என்ற பெட்டி. எரியத் தொடங்கிய பிறகு 35 வாட் போதும். 55 வாட் ஹாலஜன் ஏறத்தாழ 1,500 லூமென் தந்த இடத்தில், தரமான செனான் 3,000க்கு மேல் தரும். பாய் பலாஸ்ட்டைச் சட்டத்தோடு சேர்த்து டை போட்டு இறுக்குகிறார். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வைத்துத் தனி வயர் இழுக்கிறார். இடது பக்கம் முடிந்தது. வலது பக்கம் இன்னும் பழைய பல்பே இருக்கிறது.

"ஸ்டார்ட் பண்ணி ஹைபீம் போடுங்க சார்."

எதிரே இறக்கிவிட்ட ஷட்டர் ஒன்று. அதை ஒட்டி டீ குடிக்கிறவர்கள் நாலைந்து பேர். அவர்கள் மேல் முதலில் ஒரு நீலப் பொறி விழுகிறது. பிறகு ஊதா. அப்புறம் மெல்ல மெல்ல வெண்மை ஏறுகிறது. முதலில் எரிவது வாயு மட்டுமே. உப்புகள் சூட்டில் ஆவியாகிச் சேர்ந்துகொண்டால்தான் முழு வெளிச்சம். சில விநாடிகள் கழித்து ஷட்டரின் துருவும், அதில் பெயிண்டால் எழுதிய பாதி அழிந்த போன் நம்பரும் துலங்குகின்றன. டீ குடிக்கிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் வந்த ஆட்டோ பிரேக் போடுகிறது.

"யோவ்! லைட் போடுறியா, வெல்டிங் அடிக்கிறியா?"

காருக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. "சூப்பர் பாய்!"

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆவது விதிக்குள் ஓர் ஆள் நிற்கிறார். விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி. தரையிலிருந்து அவர் கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள், எதிரே வருகிறவர் வலப்பக்கம்தானே வருவார். விளக்கு அவர் கண்ணைக் கூசவைக்கக் கூடாது. ஓங்கி எரியும் விளக்கென்றால், ஓட்டுகிறவர் நினைத்தவுடன் அதைத் தாழ்த்த முடிய வேண்டும். விதி கேட்பது அவ்வளவுதான். நான் டீ கிளாஸோடு நிற்கும் இடம் ஏறக்குறைய அந்த ஆள் நிற்கும் இடம். கிளாஸை நெற்றிக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.

சொந்தக்காரர் விளக்கை அணைக்கிறார். ஸ்டியரிங் பக்கத்து லிவரைச் சட்டென்று இழுத்து விடுகிறார், முந்திப் போகும்போது அடிப்பதுபோல. இடது விளக்கில் ஒரு நீலச் சிமிட்டல், அவ்வளவுதான். மறுபடி இழுக்கிறார். ஊதா வரைக்கும் வந்து அணைகிறது. மூன்றாம் முறையும் அதே. வலது பக்கத்துப் பழைய பல்பு மட்டும் ஒவ்வொரு இழுப்புக்கும் பளிச்சென்று பதில் சொல்கிறது.

"என்ன பாய் இது, திக்குது?"

"சூடேறணும் சார். நீங்க அதுக்குள்ள விட்டுர்றீங்க. இப்படி அடிச்சிட்டே இருந்தா பல்பும் தாங்காது."

இந்தத் தயக்கம் கம்பெனிக்காரர்களுக்குப் பழைய சங்கதி. பி.எம்.டபிள்யூ 1991இல் 7 சீரிஸ் காரில் செனானைக் கொண்டுவந்தபோது டிம்முக்குத்தான் வைத்தது. பின்னால் வந்த பை-செனானில் டிம்முக்கும் ஹைபீமுக்கும் ஒரே சுடர்; அதை அணைப்பதே இல்லை, முன்னால் இருக்கும் தகடு மட்டும் விலகி வழிவிடும். பகலில் அடித்துக் காட்டுவதற்கென்று பல கார்களில் தனியாக ஒரு ஹாலஜனையும் வைத்தார்கள். இவ்வளவு வெளிச்சத்துக்கு ஐரோப்பிய விதிகள் வேறு இரண்டு நிபந்தனைகள் போட்டன: 2,000 லூமெனைத் தாண்டும் டிம் விளக்கென்றால், பாரத்துக்கு ஏற்பத் தானாகவே சாய்வைச் சரிசெய்துகொள்ளும் ஏற்பாடும், விளக்கின் கண்ணாடியைக் கழுவும் குழாயும் இருந்தாக வேண்டும். கிட் பெட்டிக்குள் இவை எதுவும் இல்லை.

நம் சாலையில் ஹைபீம் பாதி நேரம் பேசத்தான் பயன்படுகிறது. 'நான் வர்றேன், நீ நில்லு.' 'ஓரம் போ.' 'முன்னால போலீஸ் நிக்குது.' எல்லாம் அந்த ஒரு லிவரில்தான். வந்ததிலிருந்து சொந்தக்காரர் ரோட்டில் எவ்வளவு தூரம் தெரியும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதுதான் முகம் வாடியிருக்கிறது.

பாய் வோல்ட் மீட்டரை எடுத்து வலது பக்க ஹோல்டரில் வைக்கிறார். பேட்டரியில் 13.8 காட்டியது, இங்கே 12கூட இல்லை.

"பழைய பல்பு மேல தப்பில்ல சார். வர்ற வழியில வயரும் சுவிட்சும் தின்னுடுது."

ஹாலஜனுக்கு வோல்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது சதவீதம் குறைந்துபோகும். பாய் வலது பல்பைப் புதிய ரிலே வயரில் செருகுகிறார். "இப்ப அடிங்க."

ஷட்டரின் வலது பாதி முன்பைவிடத் தெளிவாக, ஒவ்வொரு இழுப்புக்கும் உடனுக்குடன் எரிந்து அணைகிறது. பையன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறான். "இதையும் மாட்டிரவா பாய்?"

பாய் பதில் சொல்லாமல் சொந்தக்காரரைப் பார்க்கிறார். அவர் இறங்கி வந்து காருக்கு முன்னால் நின்று இரண்டு விளக்கையும் மாறி மாறிப் பார்க்கிறார். கண் கூசி, கையை நெற்றியில் வைக்கிறார்.

"அடிக்கறதுக்கு இது கரெக்டாதான் இருக்கு. ஆனா மஞ்சளா இருக்கே பாய்." கொஞ்ச நேரம் யோசிக்கிறார். "ரெண்டு பக்கமும் செனானே போட்டுருங்க."

பாய் இரண்டாவது பலாஸ்ட்டைக் கையில் எடுக்கிறார். சொந்தக்காரரின் பார்வை கடை அலமாரிக்குப் போகிறது. அங்கே சிவப்பு விண்ட்டோன் ஹாரன்கள் வரிசையாக அடுக்கியிருக்கின்றன.

"அது என்ன ரேட் பாய்?"

"சிங்கிளா சார், ஜோடியா?"