செந்தலைப்பாகையும் வெறுங்காலும்

1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் பந்தாடின. அமெரிக்கக் கல்லூரிகள் தம்முள் மோதிய முதற் கால்பந்தாட்டம் அதுவே என்பர். கட்சிக்கு 25 பேர். தலைக்கவசம், தோட்கவசம் எதுவும் கிடையாது. ஐம்பது பேர் முட்டி மோதும் நெரிசலில் நம்மவன் யார், மாற்றான் யார் என்று எப்படி அறிவது? ரட்கர்ஸ் மாணவர் சிலர் சிவப்புத் துணியைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டனர். 6க்கு 4 என்று வெற்றியும் பெற்றனர். மறு வாரமே பிரின்ஸ்டன் 8க்குச் சுன்னம் என்று பழி தீர்த்துக்கொண்டது. ஆயினும் அந்தச் சிவப்பு நிலைத்துவிட்டது. இன்றும் ரட்கர்ஸின் நிறம் அதுதான். ஹார்வர்டுக்காரர்கள் 1858இல் படகுப் போட்டியொன்றில் கட்டிய சிவப்புக் கைக்குட்டைக்கும் இத்தகைய கதையே உண்டு.

நம் ஊராகிய கார்வேட்டிநகரத்தில் தலைப்பாகைக்குப் பஞ்சமில்லை. பந்தாட்டத்துக்குத்தான் அது தேவைப்படவில்லை. சட்டை கழற்றியவர் ஒரு கட்சி, கழற்றாதவர் மறு கட்சி. கழற்றும் கட்சிக்கே போட்டி அதிகம்; சட்டையைக் கிழித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் கிடைக்கும் பூசையை எல்லோரும் அறிவோம். பூட்ஸ் என்பது படத்தில் பார்த்த பொருள்.

அதற்காக நாணவேண்டியதில்லை. சித்தூர் ஜில்லா பிறந்த அதே 1911இல், ஜூலை 29 அன்று, கல்கத்தாவில் மோகன் பகான் கழகத்தார் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2க்கு 1 என்று வென்றபோது பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலர். அவர்களுடைய பச்சையும் அரக்கும் வங்காளத்தில் இன்றும் மதிப்புக் குன்றாத நிறங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் நம்மவர் பெரும்பாலோர் பூட்ஸின்றியே பிரான்சை எதிர்த்தனர். 2க்கு 1 என்று தோற்ற அவ்வாட்டத்தில் நமக்கு வாய்த்த ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். கார்வேட்டிநகரத்தில் பதங்கள் இயற்றிய சாரங்கபாணியின் பெயர் அது! தொடர்பு ஏதுமில்லை, நமக்கொரு மகிழ்ச்சி, அவ்வளவே.

இப்போது ரட்கர்ஸில் பயிலும் நம் மகள் ஒருநாள், "அப்பா, உங்களுடைய நிறம் எது?" என்று வினவினாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், நமக்கோ விடை வரவில்லை. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை இராச்சியத்துடன் சேர்ந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. திருத்தணியில் நம்மைத் தெலுங்குக்காரன் என்றார்கள்; திருப்பதியில் அரவவாடு என்றார்கள். சட்டை கழற்றிய கட்சியில்தான் நாம் ஐயமின்றி நம்மவனாக இருந்தோம். இதைச் சொன்னபோது அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தோம். சிரிக்கவில்லை.

வருகிற சனிக்கிழமை ஆட்டத்துக்கு நமக்கும் ஒரு சீட்டு வாங்கி வைத்திருக்கிறாள். திருப்பதியில் வாங்கிய சிவப்புத் துண்டு ஒன்று நம்மிடம் உண்டு. அதைத் தலையில் கட்டிக்கொண்டு வரலாகாது என்பது அவள் நிபந்தனை. 1869ஐ எடுத்துக்காட்டி வாதாடி வருகிறோம்.