‘பழையது’ என்று தீர்த்தவர் யார்?

எமது வீட்டுக் கணினி 2013ஆம் ஆண்டளவில் உருவானது. வேறொருவர் பாவித்து விற்றதை 2016இல் நாம் வாங்கினோம். வினாத்தாள் தட்டச்சுச் செய்வது, புள்ளிப் பட்டியல் தயாரிப்பது, பாடங்களை ஒலிப்பதிவு செய்வது, இரவில் எப்போதாவது ஒரு படம் பார்ப்பது ஆகிய இவையே அதற்கு நாம் கொடுத்த வேலை. ஒன்பது ஆண்டுகளாக அவற்றை அது குறைவின்றிச் செய்துவந்தது. வெயில் நேரங்களில் அதன் உள்விசிறி சற்று முனகும், அவ்வளவே. 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் அதன் காலம் முடிந்துவிட்டது என்று எமக்கு அறிவிக்கப்பட்டது.

அறிவித்தது யந்திரமன்று. அதன்மேல் ஓடிய விண்டோஸ் 10 என்னும் பணிசெயல் முறைமையே. 2015இல் வெளிவந்த அம்முறைமைக்கு வழங்கப்பட்டுவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் அன்றோடு நிறுத்தப்பட்டன. பதிவு செய்துகொள்வோருக்கு மேலும் ஓராண்டுத் தவணை உண்டு எனவும் சொல்லப்பட்டது. தவணை என்றால் தீர்ப்பு மாறவில்லை என்பதுதானே பொருள்? 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு மாறுவோம் என்றால், அது எமது யந்திரத்தை ஏற்க மறுத்தது. 4 கிகாபைற்று நினைவகம், 64 கிகாபைற்றுச் சேமிப்பிடம் ஆகிய நிபந்தனைகளை எமது கணினி எளிதில் நிறைவு செய்தது. ஆனால் இரகசியச் சாவிகளைக் காத்துவைக்கும் டி. பி. எம். 2.0 என்ற உறுப்பு அதில் இல்லை. அதன் செயலியும் அனுமதிக்கப்பட்ட செயலிகளின் பட்டியலில் இல்லை.

நகரத்துக் கடையொன்றில் விசாரித்தோம். ‘இதை எறிஞ்சுபோட்டுப் புதுசு ஒண்டு எடுங்கோ’ என்றார்கள். எறிவதற்குக் கடைக்காரர் கூறிய நியாயம் ஒன்றே: பழையது. புதியதன் விலையோ எமது இரண்டு மாதச் சம்பளத்தினும் மேலாக இருந்தது. 2022 மார்ச்சுக்கு முன்னர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதத்தில் 350ஐத் தாண்டிற்று. அன்று ஏறிய விலைகள் பழைய நிலைக்கு இறங்கியதை நாம் காணவில்லை. சம்பளம் பெறுகின்ற எமக்கே இது மலைப்பு என்றால், பிள்ளையின் படிப்புக்காகச் சீட்டுப்பிடித்து ஒரு பழைய கணினி வாங்கிய கூலித் தொழிலாளியின் வீட்டில் இந்த அறிவிப்பு எவ்வாறு வாசிக்கப்பட்டிருக்கும்?

பாதுகாப்பு வேண்டியதில்லை என்று நாம் வாதாட வரவில்லை. சாவியை வன்பொருளுக்குள் பூட்டிவைப்பதில் உண்மையான பயன் உண்டு. ஆயின், நேற்றுவரை கூட்டிக் கழித்த செயலி இன்றும் அதே வேகத்திற் கூட்டிக் கழிக்கின்றது. தேய்ந்த சில்லைப் பழையது என்கிறோம். துருப்பிடித்த மண்வெட்டியைப் பழையது என்கிறோம். ஒரு பட்டியலில் இடம் பெறாமையாற் பழையதாகும் பண்டத்தை எந்தக் கணக்கிற் சேர்ப்பது? 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகில் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்னணுக் கழிவு குவிந்ததென்றும், அதில் முறைப்படி சேகரித்து மீளப் பயன்படுத்தப்பட்டதாகப் பதிவானது நாலிலொரு பங்குக்கும் குறைவென்றும் ஐக்கிய நாடுகள் சபையின் கணிப்பீடு கூறுகின்றது. அந்தக் குவியலில் எமது பங்கையும் சேர்க்க மனம் இடங்கொடுக்கவில்லை.

எனவே லினக்ஸை நாடினோம். 1983இல் றிச்சர்ட் ஸ்டோல்மன் தொடக்கிய குனூ திட்டமும், 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய கருவும் சேர்ந்து வளர்ந்த முறைமை அது. அதன் பல வடிவங்களுள் லினக்ஸ் மின்ற் 22ஐத் தெரிந்தோம். அது எமது யந்திரத்தின் வயதைக் கேட்கவில்லை. எமது அறியாமையை மாத்திரம் மும்முறை சோதித்தது.

முதற் சோதனை வெட்கத்துக்குரியது. ஏறக்குறைய 3 கிகாபைற்று அளவான கோப்பைத் தொலைபேசி இணைப்பின் மூலம் இரண்டு இரவுகளாக இறக்கி, ஒரு பென்ட்ரைவிற் பிரதிசெய்து, கணினியிற் செருகினோம். ஒன்றும் நிகழவில்லை. அது பிரதிசெய்ய வேண்டிய கோப்பன்று. அதற்கென உள்ள செயலியைக் கொண்டு, கணினி தொடங்கத்தக்க வட்டாக விரித்து எழுதப்படவேண்டிய படிமம். நெல்மூடையை அப்படியே அடுப்பில் ஏற்றிவிட்டுச் சோற்றுக்குக் காத்திருந்தவர் கதையாயிற்று எமது கதை.

படிமத்தை முறைப்படி எழுதிய பின்னர் நிறுவல் தொடங்கிற்று. பாதிவழியில் உள்ளீடு, வெளியீட்டுப் பிழை என்று நின்றது. அந்தப் பிழைச் செய்தி ஒரு விசித்திரமான வாசகம். வட்டைத் துடைத்துப் பார்க்கலாம், வாசிக்கும் வில்லையைச் சுத்தம் செய்யலாம், வன்தட்டு பழையதா எனச் சோதிக்கலாம், கணினியைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றலாம் என்று அது ஆலோசனை கூறுகிறது. எம்மிடமோ துடைக்க வட்டும் இல்லை, வில்லையும் இல்லை. சித்திரை வெயிலில் ஓட்டுக் கூரையின் கீழ் இருந்த நாம் குளிர்ந்த இடத்துக்கு எங்கே போவது? மேசையைத் தாழ்வாரத்துக்கு இழுத்துப் பார்த்தோம் என்பதையும் மறையாமற் சொல்லிவிடுகிறோம். மீண்டும் அதே பிழை.

‘வன்தட்டு பழையதா’ என்ற சொல் மாத்திரம் நெஞ்சிற் தைத்தது. கடைக்காரர் சொன்னது சரிதானோ? உண்மையில் வன்தட்டிற் குறையில்லை. இறக்கிய கோப்பே பழுதானது. படிமத்தை வெளியிடுவோர் அதனுடன் 64 எழுத்துக்கள் கொண்ட சரிபார்ப்புத் தொகை ஒன்றையும் வெளியிடுவர். கோப்பில் ஓர் எழுத்துப் பிசகினாலும் அத்தொகை முழுதும் மாறிவிடும். எமது கோப்புக்குக் கணித்த தொகை அவர்களுடைய தொகையோடு பொருந்தவில்லை. இணைப்பு அறுந்து அறுந்து வந்ததில் எங்கோ ஒரு துண்டு கெட்டிருந்தது. ஐந்து நிமிடத்திற் செய்யக்கூடிய இச்சோதனையை விட்டு, நான்கு நாட்களாக யந்திரத்தைப் பழித்தோம். விடையை ஒருமுறை சரிபார்க்காமற் தாளைக் கொடுக்கும் மாணவனுக்கு நாம் சொல்லும் புத்தி எத்தனை!

மீண்டும் இரண்டு இரவுகள். இம்முறை தொகை பொருந்தியது. நிறுவல் இறுதிவரை ஓடிற்று. கடைசிக் கட்டத்தில், தொடக்கும் செயலியைப் பதிக்க முடியவில்லை, இது ஆபத்தான பிழை எனத் திரையில் ஒரு பெட்டி எழுந்தது. மூலச் செய்தியின் சொல் இன்னும் கடுமையானது. உயிர்போக்கும் பிழை என்றே அதனைப் பெயர்க்கலாம். கணினியை நிறுத்தித் தொடக்கினால் பழைய விண்டோஸே வந்து நின்றது. புதிய முறைமை முழுவதும் வன்தட்டில் இறங்கியிருந்தது. அதற்குள் நுழையத்தான் வாசல் இல்லை.

இந்த இடத்தில் நாம் பெருந்தவறொன்றைச் செய்ய இருந்தோம். நிறுவும் செயலி தரும் தெரிவுகளுள் ‘வன்தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக’ என்பதும் ஒன்று. களைத்திருந்த மனத்துக்கு அது மிகவும் நேரான வழியாகத் தோன்றிற்று. அழித்தால் யாவும் சுத்தமாகிவிடும் என எண்ணினோம். ஆனால் அதே வன்தட்டின் மறுபகுதியிற் பல ஆண்டு வினாத்தாள்கள் இருந்தன. அவற்றுடன் 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், எம்முடன் கற்பித்த கணித ஆசிரியை ஒருவர் எமது வீட்டுக் கூடத்தில் அமர்ந்து பதிவுசெய்த பாடங்களும் இருந்தன. அவரிடம் கணினி இருக்கவில்லை. நாளுக்கு ஒரு பாடமாகப் பதிந்து, தொலைபேசி வைத்திருந்த பெற்றோருக்கு அனுப்பினோம். 2022இன் நெருக்கடியில் அவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார். பின்னங்களைப் பற்றிய அவரது பாடத்தை இன்றும் கேட்கும் பிள்ளைகள் உண்டு. வினாத்தாள்களுக்குப் பிரதி இருந்தது. அந்தக் குரலுக்கு இருக்கவில்லை.

அழிக்கும் பொத்தானை அன்றிரவே அழுத்தாமல் எம்மைத் தடுத்தது எமது அறிவென்று சொல்வதற்கில்லை. மின்சாரம் நின்றுவிட்டது.

மறுநாள் எமது பழைய மாணவன் ஒருவனிடம் போனோம். உயர்தரத்திற் சித்தியெய்தியும் வெட்டுப்புள்ளி கிட்டாமற் பல்கலைக்கழகம் புகமுடியாதவன். இப்போது பஸ் நிலையத்தருகே தொலைபேசி திருத்துகின்றான். மாலையில் வந்து, எந்தப் பெட்டியையும் திறக்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

‘சேர், பென்ட்ரைவில இருந்து இது எந்த வழியால தொடங்கினது எண்டு பாத்தனீங்களோ?’

வழி இரண்டா என்று நாம் விழித்தோம். கணினியை நிறுத்தி, தொடக்கப் பட்டியலைத் திறந்து காட்டினான். எமது ஒரே பென்ட்ரைவ் அங்கே இருமுறை பெயரிடப்பட்டிருந்தது. இரண்டாவதன் முன்னால் யூ. ஈ. எப். ஐ. என்ற நான்கு எழுத்துக்கள்.

விளக்கம் இதுதான். மின் கொடுத்தவுடன் கணினிக்குத் தன் பணிசெயல் முறைமை எங்கே இருக்கின்றதென்று தெரியாது. தாய்ப்பலகையில் உறைந்திருக்கும் ஒரு சிறு செயலியே அதனைத் தேடிக் கொடுக்கவேண்டும். பழைய பயோஸ் முறையில், அது வட்டின் முதற் கூறிலுள்ள 512 பைற்றுக்களை வாசிக்கும். தொடக்கும் கட்டளைக்கு அங்கே 446 பைற்றுக்கள்தாம் உண்டு. அடுத்த முறையான யூ. ஈ. எப். ஐ. அந்த ஒடுக்கமான இடத்தை நம்புவதில்லை. வட்டில் தனியாக ஒதுக்கிய ஒரு பகுதிக்குள் சென்று, அங்குள்ள தொடக்கக் கோப்பைத் தேடும். எமது கணினிக்கு இரு முறையும் தெரியும். வன்தட்டு புதுமுறையில் வகுக்கப்பட்டிருந்தது. பென்ட்ரைவை நாம் பழைய முறையில் தொடக்கினோம். பழைய முறையில் எழுந்த நிறுவற் செயலி, தன் தொடக்கக் கட்டளையை வைக்க அந்த வன்தட்டில் இடம் தேடிற்று, இருக்கவில்லை. உயிர்போக்கும் பிழையின் முழு வரலாறும் இவ்வளவே.

‘அழிச்சிருந்தா?’ என்று கேட்டோம்.

‘அழிச்சிருந்தா வேலை செய்திருக்கும், சேர். எல்லாத்தையும் தானே புதுசாப் பிரிச்சு வாசலையும் வச்சிருக்கும். ஆனா உங்கட ஒண்டும் மிஞ்சாது.’

தோல்வியைக் காட்டிலும் அந்த வெற்றியை நினைத்தே அன்று நடுங்கினோம். காரணத்தை அறியாமலேயே காரியம் கைகூடியிருக்கும், குரலை இழந்திருப்போம், அழித்ததுதான் பரிகாரமென்று மற்றவர்களுக்கும் போதித்திருப்போம். முதல் வேலையாக அப்பாடங்களை வேறிரண்டு இடங்களிற் பிரதிசெய்தோம். பின்னர் அவன் சொன்னபடி இரண்டாவது பெயரைத் தெரிந்து தொடக்கி, முன்னர் ஒதுக்கிய பகுதியிலேயே மீண்டும் நிறுவினோம். அரைமணி நேரத்துக்குள் முடிந்தது. கூலி வேண்டாமென்றான். உழைப்பின் மதிப்பைப் பற்றி மேடைகளிற் பேசும் நாம் அதனை ஏற்கலாமா? கடையில் வாங்கும் அளவையே வாங்கச் செய்தோம்.

திறந்த மூல மென்பொருளைப் பொதுவுடைமைச் சமுதாயத்தின் முளை எனக் கொண்டாடும் நண்பர்கள் எமக்கு உண்டு. நாம் அவ்வளவு தூரம் போகமாட்டோம். லினக்ஸின் கருவை இன்று எழுதுவோரிற் பெரும்பாலார் பெரு நிறுவனங்களிற் சம்பளம் பெறும் பொறியியலாளரே. அந்நிறுவனங்கள் தமது இலாபத்துக்கு அது வேண்டுமென்றே எழுதுவிக்கின்றன. எனினும் ஒரு வேறுபாட்டை மறுக்க முடியாது. அதன் உரிமப்படி, திருத்தி விநியோகிப்பவர் திருத்திய மூலத்தையும் கூடவே கொடுக்கவேண்டும். ஒருவர் ‘போதும்’ என்று கைவிட்ட இடத்தில் இன்னொருவர் தொடரலாம். எமது 2013ஆம் ஆண்டு யந்திரத்தைப் பழையதென்று தீர்க்க அங்கே எவருக்கும் ஏகபோகம் இல்லை. ஆனாற் கதவு திறந்திருப்பது மாத்திரம் போதாது. எந்தக் கதவென்று காட்ட பஸ் நிலையத்தருகே ஒருவன் வேண்டியிருந்தது. அவனைப் போன்றவர்களுக்குப் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஓர் இடமும் சம்பளமும் கொடுக்க எமது கல்வி அமைப்புக்கு ஏன் தோன்றவில்லை என்பது வேறொரு கட்டுரைக்குரியது.

இனி ஒரு சிறு பின்கதை. புதிய முறைமையில் நாம் முதலில் திறந்த வினாத்தாள், தமிழே இல்லாமல், ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த அலங்கோலமாகக் காட்சியளித்தது. இந்நாட்டு ஆசிரியர்கள் இதன் காரணத்தை உடனே அறிவர். பாமினி எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் முகமூடி அணிவித்த எழுத்துரு அது. முகமூடி இல்லாத வீட்டில் உள்ளிருந்த முகம் தெரிந்துவிட்டது. எழுத்துருவைச் சேர்த்தவுடன் தமிழ் திரும்பி வந்தது. இருந்தும் அந்தத் தாள்களை இப்படியே விடுவதற்கு மனம் வரவில்லை. சனிக்கிழமைகளில் நான்கு மாணவர்கள் வருகிறார்கள். பழைய தாள்களை ஒவ்வொன்றாக யூனிக்கோடுக்கு மாற்றிப் பிழை பார்க்கிறோம். 2014ஆம் ஆண்டுத் தாள்கள் வரை முடிந்திருக்கின்றன.