கண்ணாடியைக் கழற்றினால் தெரியும் இழை

வைகாசி, கருட சேவை நாள்

விடியும் முன்பே காஞ்சிபுரம் போய்விட்டோம். நெரிசலில் யாருடைய முழங்கையோ பட்டு என் கண்ணாடி கீழே விழுந்தது. மனைவி தேடி எடுத்துத் தரும்வரை வரதராஜப் பெருமாள் எனக்கு ஒரு பொன் மங்கலாக மட்டுமே இருந்தார். இரண்டு கண்ணிலும் மைனஸ் எட்டரை. லேசர் பண்ணிக்கொள்ளலாமா என்ற எண்ணம் பல வருடமாக மனசில் கிடக்கிறது. மருத்துவமனைக்குப் பேசி நாள் வாங்கிவிட்டேன்.

வைகாசி, ஞாயிறு

கண் சம்பந்தமாகக் கிடைத்ததையெல்லாம் படிக்கிறேன். இந்த லேசருக்கு அடித்தளம் போட்டவர்களில் நம்மூர்க்காரர் ஒருவர் உண்டு என்பது இன்றுதான் தெரிந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் ஆகியோரோடு வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுவந்து எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிர். வெட்டிய இடத்தில் கருகலே இல்லை. சூட்டால் எரிக்காமல், தசையின் மூலக்கூறுப் பிணைப்பையே அறுத்து மெல்லிய படலமாகச் சீவி எடுக்கிறது அந்த ஒளி. கருவிழியைச் சீவித் தட்டையாக்கினால் வெளிச்சம் விழித்திரையில் சரியாக விழும். 2013இல் ஒபாமா கையால் மூவரும் பதக்கம் வாங்கினார்கள். இந்தப் பெயர் நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டும்.

ஆனி, புதன்

சென்னையில் பரிசோதனை. சொட்டு மருந்து விட்டதில் சாயங்காலம்வரை வெளிச்சமே கூசியது.

என் கருவிழியின் தடிமன் 496 மைக்ரான். பெரும்பாலோருக்கு 540 அளவில் இருக்குமாம். லாசிக் முறையில் மேலே ஒரு மெல்லிய மூடியைத் திறப்பார்கள். அதற்குச் சுமார் 110 மைக்ரான் போகும். பவர் ஒன்றுக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து மைக்ரான் சீவ வேண்டும். எட்டரைக்கு நூறைத் தாண்டும். அடியில் குறைந்தது 250 மிஞ்சாவிட்டால் கருவிழி பலம் இழந்து முன்தள்ளிவிடும். “பண்ணலாம், ஆனா ஓரத்துலதான் நிக்குது. கண்ணுக்குள்ளயே லென்ஸ் வைக்கிற முறையும் இருக்கு” என்றார் டாக்டரம்மா.

பிறகு என் வயதைக் கேட்டார். முப்பத்தொன்பது. “என்ன தொழில் பண்றீங்க?” நெசவு என்றதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்துப் பார்வை தானாகவே குறையும். தூரத்தைச் சரிசெய்துவிட்டால் இழை பார்க்கக் கண்ணாடி வேண்டிவரும். வேண்டுமானால் ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதைக் கிட்டத்துக்குமாக வைக்கலாம் என்றார். வீட்டில் சொன்னதும் அம்மா, “பார்வை போன சுந்தரருக்கும் ஏகாம்பரநாதர் காஞ்சிபுரத்துல ஒரு கண்ணைத்தான்டா குடுத்தாரு. இன்னொண்ணு திருவாரூர்ல” என்றாள்.

ஆனி, வெள்ளி

கோர்வைச் சேலை தறியில் ஓடுகிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா, இரண்டு ஆள். கரையும் உடலும் கோத்துக்கொள்கிற இடத்தில் ஓர் இழை தவறினாலும் சேலை பழுது. மத்தியானம் பாவில் இழை அறுந்தது. வழக்கம்போல் கண்ணாடியைக் கழற்றி முகத்தை அருகே கொண்டுபோனேன். மைனஸ் எட்டரைக்காரனுக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர்வரைதான் தெளிவு. ஆனால் அந்தத் தூரத்துக்குள் பட்டின் புரியும் ஜரிகையின் சுற்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. அப்பா எழுபதிலும் இப்படித்தான் முடிபோடுகிறார். “இந்தக் கண்ணுதாண்டா நமக்குச் சோறு போட்டுது” என்றார்.

அத்தையையும் நினைத்துக்கொண்டேன். அவளுக்கும் பெரிய மைனஸ் பவர். கண்ணில் மின்னல் அடிக்கிறது என்று சொன்னாள். களைப்பு என்று எல்லாரும் விட்டுவிட்டோம். விழித்திரை பிரிந்து ஒரு கண் போனது. கிட்டப்பார்வைக்காரர்களின் கண் நீண்டிருக்கும், விழித்திரை இழுபட்டு மெலிந்திருக்கும். லேசர் கருவிழியை மட்டுமே மாற்றும். அந்த நீளத்தையும் மெலிவையும் தொடாது. பவர் போய்விட்டது என்று பரிசோதனையையே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா வருத்தப்பட்டது அதனால்தான்.

ஆடி, திங்கள்

முடிவு எடுத்தாயிற்று. நான் செய்துகொள்ளப் போவதில்லை. என் தொழில் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கிறது. என் கருவிழி மெல்லியது. வயதும் நாற்பதை ஒட்டிவிட்டது. தம்பி மகளுக்கு இருபத்திரண்டு, மைனஸ் நாலு, ஒரு வருடத்துக்கு மேலாகப் பவர் மாறவில்லை, கருவிழி தடிமனும் போதும். அவள் தாராளமாகச் செய்துகொள்ளட்டும்.

மைனஸ் ஆறுக்கு மேல் பவர் உள்ள நெசவாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். லேசர் செய்தாலும் செய்யாவிட்டாலும் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள். கண்ணில் மின்னல் அடித்தாலோ, திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ, தறியை அப்படியே நிறுத்திவிட்டு அன்றைக்கே போங்கள்.